ஏழரை அடி ஷெட்

ஒரகடம் தொழிற்சாலையில் வடிவாம்பாளின் பெயர்ப்பலகையில் 'ஆலோசகர்' என்றுதான் இருக்கும். ஆனால் எல்லோரும் ஆசான் என்றே சொல்வார்கள். வைகறை என்ற சொகுசுக் காரின் இரண்டாவது மாடலில் இருந்து ஐந்தாவது வரை, தலைமைப் பொறியாளராக ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஆறாவது மாடல் அவருடைய சீடர் சிகாமணியின் பொறுப்பு. சீடருக்கே ஐம்பத்திரண்டு வயது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மறுவாரம் உற்பத்தி தொடங்கும். போடாவிட்டால் முந்நூறு பேரின் மூன்று வருட உழைப்பு நின்றுபோகும். அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்.

பதினொன்றரைக்கு அவர் ஆசானிடம் வந்தார். கையில் ஒரு கடிதம். ஐந்து மாடலையும் வாங்கி ஓட்டிய காரைக்குடி டாக்டர் ஒருவர், கண்காட்சியில் ஆறாவதைப் பார்த்துவிட்டு முன்பதிவை ரத்து செய்திருந்தார். 'இது என் வண்டி இல்லை' என்று ஒரே வரி.

கூடவே ஒப்பீட்டுத் தாளையும் நீட்டினார். வழக்கம்போல அதில் இரண்டு மாடல்கள்தான் இருந்தன, ஐந்தாவதும் ஆறாவதும். எல்லா வரியிலும் புதியதே மேல். அகலம் இரண்டு அங்குலம் கூடுதல்.

"இதுல என்ன குறை, மேடம்?"

ஆசான் தாளைத் தொடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பழைய ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

முதல் மாடல் செய்த காலத்தில் கட்டிய ஷெட் அது. அன்றைய வீடுகளின் கார் ஷெட் அளவு. இரண்டு பக்கமும் செங்கல் சுவர், நடுவில் ஏழரை அடி. வண்டி அதற்குள் போக வேண்டும், ஓட்டியவர் கதவைத் திறந்து இறங்க வேண்டும். அன்று அதுதான் சோதனை என்று ஆசான் சொன்னார். சிகாமணிக்கு அது தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அது பூட்டியேதான் கிடந்தது.

ஆசான் கைப்பையில் இருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

"உள்ள விட்டுட்டு இறங்கி வாங்க."

பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு சிகாமணி உள்ளே விட்டார். நான்கு பக்கமும் எச்சரிக்கை ஒலி அலறியது. ஏசி ஓடியும் சட்டை முதுகில் ஒட்டியது. ஒருவழியாக வண்டி நின்றது.

கதவைத் தள்ளினார். நான்கு விரல் திறந்து சுவரில் முட்டியது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். போன் அடித்தது. அவருக்கு முதலில் பயம் வந்தது, பிறகு ஆசான் மேல் கோபம் வந்தது.

கண்ணாடியை இறக்கினார். பின்பக்கக் கேமராவின் திரையில் ஆசான் அசையாமல் நின்றிருந்தார்.

"ரெண்டே அங்குலம்தானே மேடம் கூட்டினேன்?"

"நானும் ஒவ்வொரு தடவையும் ரெண்டே அங்குலம்தான் கூட்டினேன்."

போன் நின்று மறுபடி அடித்தது. சிகாமணி எடுக்கவில்லை.

"இங்க விட்டுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே. யாரு இதைப் பூட்டினது?"

"ரெண்டாவது மாடல்ல இறங்குறப்ப கதவு சுவத்துல லேசா உரசுச்சு. அன்னிக்கும் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. நான்தான் பூட்டினேன்."

டிக்கியின் மேல் சாவியை வைக்கும் சத்தம் கேட்டது.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும்."