உள்ளூர்க் கை படாத தேரு

முன்ன ஒரு காலத்துல கூவனூர் நாட்ட அகண்டவர்மன்னு ஒரு ராசா ஆண்டாரு. ஆண்டாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். பொழுதன்னிக்கும் அவரு செஞ்சது சாப்பாடு.

அந்த ஊருக் கடைத்தெருவுல வெத்தலக்கட வச்சிருந்தா செவ்வந்தி. தெனம் அரமனைக்கு வெத்தல கொண்டுபோவா, கூடவே நாலு நையாண்டியும் குடுப்பா. ராசா தொந்தி குலுங்கச் சிரிப்பாரு. அரமனை அதிகாரி ஒய்யாரலிங்கத்துக்கு இது பொறுக்கல. அந்தாளுக்குச் சொந்தமா கப்பலு வேற.

ஒருநாளு ராசா காதுல ஓதினான். "மகாராசா, நம்ம கடைத்தெருவுல என்ன இருக்கு? கோணப் பானை, கசக்குற எண்ணெ! என் கப்பல்ல எல்லாம் சீமைச் சரக்கு. கடைங்கள இடிச்சுட்டு அங்க ஒரு கிடங்கு கட்டிக்கிறேனே?"

ராசா வாயில அப்ப சீமை அல்வா. பல்லு ஒட்டிக்கிச்சு. தலைய மட்டும் ஆட்டினாரு. அவ்வளவுதான், உத்தரவு ஆயிடுச்சு! கோயில் தேரு முடிஞ்ச மறுநாளு இடிப்பு.

கட போனா அடுப்பு எரியாது. அந்தத் தெருவு மொத்தத்துக்கும் அதே கதிதான். செவ்வந்தி நேரா சபைக்குப் போனா.

"என்ன செவ்வந்தி, அழ வந்தியா?"ன்னு இளிச்சான் ஒய்யாரம்.

"அழுறதுக்கு வெங்காயம் எங்க தெருவுலயே கெடைக்குது சாமி." ராசாவப் பாத்துக் கும்பிட்டா. "சீமைச் சரக்குதான் ஒசத்தின்னா கோயில் சாமிக்கும் அதத்தானே குடுக்கணும் ராசா? இந்த வருசத் தேர அதிகாரி ஐயாவே நடத்தட்டும். உள்ளூர்க் கை ஒண்ணும் படவேணாம். நடத்திக் காட்டிட்டாருன்னா எங்க கடைங்கள நாங்களே இடிச்சுத் தர்றோம்."

"ஒரு நகங்கூட படாது!"ன்னு மீசைய முறுக்கினான் ஒய்யாரம்.

"அப்படியே ஆகட்டும்"னாரு ராசா.

தேரு நாளு வந்துச்சு. சீமைப் பட்டு, சீமைப் பூ, சீமை வடம். தேரு கல்யாணப்பொண்ணாட்டம் மின்னுச்சு. ஒய்யாரம் கொடிய ஆட்டினான். "ம்ம், இழுங்க!"

ஊரே கூடி நின்னுச்சு. ஒருத்தரும் அசையல. பானைக்காரரும் எண்ணெக்காரரும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாங்க.

"என்னடி திமிரு இது?"

"ஐயோ, உள்ளூர்க் கை படக்கூடாதுல்ல சாமி? ராசா வாக்காச்சே!"

கப்பல்காரங்க பத்துப்பேர இழுத்துட்டு வந்தான். முக்கிப் பாத்தாங்க, தேரு அசையல. அவனும் சேந்து முக்கினான். அவன் வேட்டிதான் நகந்துச்சு.

இதுல ராசா பாடுதான் திண்டாட்டம். தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் ராசா பச்சத்தண்ணி குடிக்கக்கூடாது, அது அந்த ஊரு வழக்கம். உச்சி வெயிலு. ராசா வயிறு மத்தளமா முழங்குச்சு.

"செவ்வந்தி, உசுரு போவுதும்மா! இழுக்கச் சொல்லு!"

"இன்னிக்கு இழுத்துருவாங்க ராசா. நாளைக்குக் கடைய இடிச்சுட்டா, பொழப்பத் தேடி ஊரவிட்டே போயிருவாங்க. அடுத்த வருசமும் இதே வெயிலு, இதே பசி. சரக்கு கப்பல்ல வரும். தோளு வருமா?"

"உத்தரவு ரத்து!"ன்னு அலறினாரு ராசா. "கடைத்தெருவுல ஒரு செங்கல்லத் தொட்டான்னா தொலைச்சுப்புடுவேன்! அரமனைக்கு உப்பு, புளி எல்லாம் இனிமே இங்கதான்!"

சொல்லி வாய மூடல, மொத்தத் தெருவும் வடத்துல விழுந்துச்சு. தேரு குலுங்கிக் கெளம்புச்சு. ராசாவும் சேந்து இழுத்தாரு. பக்தியெல்லாம் இல்ல, சாப்பாடு அந்தப் பக்கந்தானே இருக்கு!

சாப்பிட்டுக் கைகழுவின கையோட செவ்வந்திக்குத் தன் பட்டுச் சால்வையப் போத்தினாரு. ஒய்யாரத்துக்கும் புதுப் பதவி ஒண்ணு குடுத்தாரு. தெனம் கடைத்தெரு வரிசையில நின்னு ராசாவுக்கு வெத்தல வாங்கியாரணும்.

மறுநாளு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னான். செவ்வந்தி வெத்தலய நீட்டினா.

"சுண்ணாம்பு எங்க?"

"கப்பல்ல வருது சாமி. அப்படி ஓரமா நில்லுங்க."