ஐந்து வார்த்தை சொன்ன கோல்கீப்பர்

கால்பந்து தெரியாதவர்களும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லலாம். தெரிந்தவர்கள்தான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். அவர்களுக்கு வாய் முந்திக்கொள்ளும்.

சென்னையில் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப். அதன் கோல்கீப்பர் ஜெறின், குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். மாற்று கோல்கீப்பர் ததேயுவும் அதே ஊர், விடுதியில் அதே அறை. ஜெறின் இருக்கும்வரை ததேயுவுக்கு பெஞ்சுதான். மூன்று வருஷத்தில் பெஞ்சு தேய்ந்ததே தவிர அவன் கையுறை தேயவில்லை.

சீசன் தொடங்குமுன் டீம் டாக்டர் ஹாஜிரா எல்லோருக்கும் ஒரு சோதனை வைப்பார். பத்து வார்த்தைகளை வாசிப்பார். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல நிலையில் ஒருவனுக்கு எத்தனை நினைவிருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டால், பிறகு தலையில் அடிபடும்போது ஒப்பிடலாம். எண்ணிக்கை குறைந்தால் மூளை இன்னும் தேறவில்லை என்று அர்த்தம்.

ஜெறினுக்கு ஒன்பது நினைவிருந்தது. ஐந்துதான் சொன்னான். வெளியே வந்து ததேயுவிடமும் கேப்டன் லோகுவிடமும் சிரித்தான். "நாளைக்கு அடி வாங்குனாலும் அஞ்சு சொல்லிருவேன் மக்கா. எவனும் என்னை வெளிய உக்கார வைக்க முடியாது."

தன் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைத் தொடவைத்து, வெளியே சொல்வதில்லை என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அடேயப்பா, என்ன மூளை! அந்த மூளையைக் காப்பாற்றத்தான் அந்தச் சோதனையே என்பது மட்டும் அதற்கு உறைக்கவில்லை.

அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரனின் முழங்கால் ஜெறினின் நெற்றிப்பொட்டில் இடித்தது. பந்தை விடாமல் அணைத்தபடி விழுந்தான். டீம் ஜெயித்தது. ஒரு வாரம் ஓய்வு. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் மறுபடி பத்து வார்த்தை வாசித்தார். ஐந்து சொன்னான்.

"தலைவலி இருக்கா? வெளிச்சம் கூசுதா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

காகிதமும் காகிதமும் ஒத்துப்போயின. ஆடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அறையில் கதையே வேறு. உச்சி வெயிலில் திரைச்சீலையை இழுத்து மூடிப் படுத்திருந்தான் ஜெறின். ஃபேன் சத்தம் தாங்கவில்லை. காலையில் வாந்தி. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் உயிரே போகலாம் என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"நீயே போய்ச் சொல்லிரு லே," என்று ததேயு கெஞ்சினான்.

"ஏன், எனக்க கையுறை மேல கண்ணா? மூணு வருஷமா காத்துக் கெடந்தவன்தானே நீ!"

அது ததேயுவைச் சுருக்கென்று தைத்தது. லோகுவிடம் போனான்.

"சத்தியம் பண்ணிட்டோம் மச்சி," என்றான் லோகு. "ஒரு மேட்ச்தானே, தாங்கிடுவான்."

ததேயு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் போனா நீதான் ஆடுவே. உன்னை எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம் டாக்டர். அவனை மட்டும் எறக்காதீங்க. வேணும்னா என்னையும் எறக்காதீங்க."

டாக்டர் யோசித்தார். ஜெறினைக் கேட்டால் மறுபடியும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். இவன் சொல்வது பொய்யானால் ஜெறினுக்கு ஓர் ஆட்டம் போகும். உண்மையாக இருந்து, தான் காதில் வாங்காமல் விட்டால்? நேரே பயிற்சியாளரிடம் போனார்.

"என் கையெழுத்தை வாபஸ் வாங்குறேன் சார்."

"பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கேம்மா! ஃபைனல் தோத்தா அடுத்த சீசன் நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

"சரி சார். ஆனா ஜெறின் ஆடக்கூடாது."

மூன்றாவது கோல்கீப்பர் கிடையாது. ததேயுதான் இறங்க வேண்டியதாயிற்று. ஜெறின் கத்திய கத்தலில் விஷயம் டீம் முழுக்கத் தெரிந்தது. ஒருத்தனும் ததேயுவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இறுதி ஆட்டத்தில் லோகு ஒரு கோல் போட்டான். கடைசி நேரத்தில் எதிரணிக்கு பெனால்டி. ததேயு பாய்ந்து தடுத்தான். கோப்பை கிடைத்தது! ஜெறினோ ஓய்வறையில் விளக்கை அணைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜனங்களின் ஒவ்வொரு கூச்சலுக்கும் தலை பிளந்தது. இந்தத் தலையோடு அங்கே நின்று இன்னொரு அடியும் வாங்கியிருந்தால் உயிரே போயிருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஜெயித்த பந்தை யாராவது ஒருவருக்குக் கொடுப்பார்கள். போன ஆட்டத்தில் வாங்கியவர்தான் இந்த ஆட்டத்தில் கொடுக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். அரையிறுதிப் பந்து ஜெறினுக்குப் போயிருந்தது. ஆகவே இப்போது பந்து அவன் கையில். எதிரே மூன்று பேர். கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றி, கோலும் போட்ட லோகு. நிரூபணம் இல்லாமலே தன் வேலையைப் பணயம் வைத்த டாக்டர். சத்தியத்தை மீறி, அதனாலேயே ஆட இடமும் பெற்ற ததேயு.

சொல்லுங்கள், அந்தப் பந்து யாருக்குச் சேர வேண்டும்?

விடை: லோகு காப்பாற்றியது வாக்கை, ஆளை அல்ல. டாக்டர் பெரிய மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவன் வாய் திறந்திராவிட்டால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. ததேயுவின் நிலைமைதான் கஷ்டம். தனக்கு லாபம் வரும் உண்மையைச் சொன்னால் உலகம் நம்பாது, பொறாமைக்காரன் என்றுதான் சொல்லும். அது தெரிந்தும் சொன்னான். ஜெறின் பந்தை அவன் கையில்தான் வைத்தான். பெனால்டியைத் தடுத்ததற்காக என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். "அதுக்கில்ல," என்றான் ஜெறின், ததேயுவின் தோளைப் பிடித்துக்கொண்டு. "என்னைக் காட்டிக் கொடுத்தான்லா, அதுக்கு."