மலை அணில் பின்னிய கம்பளிப் பை

சோலைக்காட்டில் செவந்தி என்றொரு மலை அணில் இருந்தாள். நாவல் மரத்தின் உச்சியில் அவளுடைய கூடு. கூட்டில் அவளுடைய சின்னவன் இருந்தான். அப்போதுதான் கண் திறந்தவன். உடம்பில் மயிர் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அந்தக் காட்டில் பனி அவசரப்படாது. காலையில் ஓடைக்கரையில் படுத்திருக்கும். பிறகு மெல்ல எழுந்து வேர்களை மூடும். அடிமரங்களை மூடும். உச்சிப் பொழுதில் மரங்களின் தலைகள் மட்டும் வெள்ளைக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். கீழே யாராவது பேசினால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது.

பனிக்காலம் வந்தால் அங்கே எல்லோரும் பின்ன உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு அவர்களிடம் முள்வளையம் என்று ஒன்று உண்டு. மூங்கிலை வளையமாக நறுக்கி, அதன் விளிம்பைச் சுற்றிலும் மரங்கொத்தி துளை போட்டுக் கொடுப்பாள். துளைக்கு ஒன்றாக முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளை நட்டுவிட்டால் வளையம் தயார்.

பின்னும் விதமும் சுலபம்தான். ஒவ்வொரு முள்ளிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வட்டம் முடிந்ததும் அதற்கு மேலே இன்னொரு சுற்று. அப்புறம் இண்டங்கொடியின் வளைந்த முள்ளால், கீழே இருக்கும் கண்ணியைத் தூக்கி, மேலே இருக்கும் கண்ணியைத் தாண்டவிட்டு, முள்ளின் தலைவழியாகக் கழற்றிவிட வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றிக் கழற்றினால், வளையத்தின் நடுவே ஒரு துணிக்குழாய் மெல்லக் கீழே இறங்கும். முயல் அதில் காதுறை பின்னிக்கொண்டாள். ஆமை தன் ஓட்டுக்கு உறை பின்னுகிறேன் என்று பல பனிக்காலமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். இன்னும் விளிம்பைத் தாண்டவில்லை. கேட்டால் கோபம் வரும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

செவந்தி அதுவரை பின்னியதே இல்லை. உடம்பு முழுக்க அடர்ந்த மயிர் இருக்கிறவளுக்கு எதற்குப் பின்னல்? ஆனால் இந்த வருடம் சின்னவனுக்கு ஒரு கம்பளிப் பை வேண்டியிருந்தது. கோடையில் மலைக்கு மேய வந்த செம்மறிகள் முட்செடிகளில் விட்டுப்போன மயிரையெல்லாம் பொறுக்கி, கையாலேயே முறுக்கி, ஒரு நூலுருண்டை சேர்த்திருந்தாள். அது ஒன்றுதான் இருந்தது. ஆடுகள் எப்போதோ மலையிறங்கிவிட்டன.

போன பனிக்காலத்தில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். கூட்டில் ஓரிடத்தில் இலை விலகியிருந்ததை செவந்தி கவனிக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகக் குளிர் நுழைந்துவிட்டது. காலையில் பார்த்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து சின்னதாக ஓர் இடைவெளியைப் பார்த்தாலும் அவள் உடனே இலையைத் திணித்து அடைத்துவிடுவாள்.

ஆகவே அவள் இறுக்கினாள். வளையம் கூட்டுக்குள் நுழையாததால், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் பாசியில் சின்னவனைக் கிடத்திவிட்டு, அவனுக்கு நேர் மேலே இருந்த கிளைக்கவட்டையில் வளையத்தைப் பொருத்தி உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் சுற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் சுற்று. முட்களெல்லாம் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்த்தன. கண்ணியைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக நெம்பினாள். கொடிமுள் ஒடிந்தது. வேறொன்று கொண்டுவந்து நெம்பினாள். இந்த முறை நூல் அறுந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது, என்ற முள்ளைப் போட்டு இந்தப் பாடு படுத்தறது?"

முள்ளம்பன்றி மாரப்பன். அவனுடைய வளை அந்த மரத்தடியில்தான் இருந்தது. உதிர்த்துப் போட்ட முள்தான் என்றாலும் அதன்மேல் அவனுக்குப் பாசம் விட்டுப்போகவில்லை.

"நான்தானுங்கண்ணா, செவந்தி. கண்ணி தூக்கவே வரமாட்டேங்குது."

மாரப்பன் எட்டிப் பார்த்தான். "எப்படி வரும் அம்மிணி? கழுத்தை நெரிக்கிற மாதிரி சுத்தி வச்சிருக்கறயே. கொஞ்சம் தளர்த்திச் சுத்தோணும். கொடிமுள்ளு நுழையறதுக்கு எடம் வேண்டாமா?"

"எடம் விட்டா அது வழியாக் குளிரு பூந்துராதுங்களா?"

"அதுக்கில்ல அம்மிணி..."

"உங்களுக்குத் தெரியாதுங்கண்ணா. நீங்க விடுங்க."

மாரப்பனுக்குத் தெரியும். காட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவன் வேரோரமாகச் சுருண்டு உட்கார்ந்துகொண்டான்.

செவந்தி அறுந்த நூலை முடிந்து, மறுபடி சுற்றினாள். மறுபடி அறுந்தது. நூலில் முடிச்சு ஏறிக்கொண்டே போனது. சுற்றின நூல்தான் இருந்ததே தவிர, ஒரு வரி துணி இறங்கவில்லை. கீழே சின்னவன் நடுங்கத் தொடங்கினான். பனி பாசியைத் தொட்டது. அவனுடைய காலைத் தொட்டது. செவந்தி இறங்கி அவனை வயிற்றோடு அணைத்துச் சூடேற்றினாள். அணைத்துக்கொண்டே இருந்தால் பின்ன முடியாது. பின்னாவிட்டால் இரை தேடப் போகிற நேரத்தில் அவன் விறைத்துப் போவான். மறுபடி கிளைக்கு ஏறினாள். அழுகையாக வந்தது.

பிள்ளை கத்தாமல் இருக்க மெதுவாகத் தாலாட்டினாள். அவளுக்கே தெரிந்த, வார்த்தையில்லாத பாட்டு. வெளிச்சம் பால் கலந்த தண்ணீராக மாறியது. எதிரே இருந்த மரம் கரைந்தது. அப்புறம் கிளை கரைந்தது. அவளும் வளையமும் மட்டும் எங்கோ மிதந்தார்கள். பல நாள் தூங்காத கண்கள் பாதி மூடின.

அப்போது வளையத்தின் மேல் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

மகள்தான். போன வருடம் போனவள். அதே சின்ன வால்.

"அம்மா, குடு. நான் ஓடறேன்."

நூலின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு முள்முள்ளாகச் சுற்றி ஓடினாள். ஒரு வட்டம், மேலே இன்னொரு வட்டம். அவள் ஓடிய இடத்தில் நூல் பூப்போலக் கிடந்தது. இழு, இறுக்கு என்று சொல்ல செவந்திக்கு மனம் வரவில்லை. விளையாடுகிற பிள்ளையிடம் போய் யார் அப்படிச் சொல்வார்கள்? அவள் ஓட ஓட, செவந்தி கண்ணிகளைத் தூக்கித் தூக்கிக் கழற்றினாள். தூக்கின மாதிரியே தெரியவில்லை. ஒவ்வொன்றும் தானாகத் தலைவணங்கி இறங்கியது.

"குளிருதா கண்ணு?" என்று கேட்டாள் செவந்தி.

"இப்ப இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

நூலுருண்டை தீர்ந்து கையிலிருந்து நழுவியபோது செவந்தி விழித்துக்கொண்டாள். வளையத்தின் மேல் யாரும் இல்லை. முட்கள் நிமிர்ந்து நின்றன. வளையத்தின் நடுவே, நீளமாக, கீழே விழுந்து கிடந்த மரம் வரைக்கும் ஒரு கம்பளிக் குழாய் தொங்கியது.

அவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது.

"அய்யோ, பூராவும் ஓட்டை!"

மாரப்பன் விழித்துக்கொண்டான். "என்ன அம்மிணி?"

"தூக்கத்துல தளர்த்திச் சுத்திப்போட்டனுங்க. இதுல என்ற புள்ளையப் போட்டா அவ்வளவுதான். பிரிச்சுட்டு மறுக்காச் சுத்தறேன்."

நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். முதல் முள்ளிலிருந்து கண்ணி நழுவியது. அடுத்ததையும் இழுக்கப் போனாள். குழாய் கனத்தது. உள்ளே என்னவோ அசைந்தது.

கிளையிலிருந்து குனிந்து பார்த்தாள். பாசிமேல் சின்னவன் இல்லை. குழாயின் அடிவாயில் ஒரு சின்ன மூக்கு மட்டும் தெரிந்தது. குளிர் தாங்காமல் அவனே தேடி உள்ளே நுழைந்து, உள்ளுக்குள்ளேயே திரும்பிப் படுத்திருக்கிறான்.

செவந்தி விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கம்பளிக்குள் கையை விட்டாள். கதகதவென்று இருந்தது. பிள்ளை நடுங்கவில்லை. தளர்ந்த கண்ணிகளிலெல்லாம் கம்பளி மயிர் உப்பி நின்று, பிள்ளையின் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. அவன் காலை நீட்டினான். கம்பளியும் கூடவே நீண்டது. அவன் சுருண்டான். கம்பளியும் சுருங்கியது. வெளியே பனி வந்து மோதிவிட்டு, உள்ளே போக வழி தெரியாமல் விலகிப் போனது.

"அண்ணா, சூடா இருக்கானுங்க" என்றாள். கம்பளியோடு முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு வருடமாக அழாத அழுகையை அழுதாள். மாரப்பன் ஆறுதல் சொல்லத் தெரியாமல் தன் முட்களைச் சிலுப்பிக்கொண்டான்.

அழுது முடித்த பிறகு அவள் நழுவிய கண்ணியை முள்ளில் மாட்டினாள். நூலின் நுனியை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு வட்டம் கோத்து, முட்களிலிருந்து கழற்றினாள். அந்த நுனியை இழுத்து மூட வேண்டும். அவள் கை நின்றது.

"ஏனுங்கண்ணா, இங்கயும் தளர்த்தித்தான் விடோணுங்களா?"

"அட, முடிக்கிற எடத்துலயாவது கொஞ்சம் இழு அம்மிணி. இல்லீன்னா அந்தப் பக்கமா வெளிய வந்துருவான்."

செவந்தி சிரித்துவிட்டாள். போன பனிக்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நுனியை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு பிள்ளையைப் பையோடு பாசியில் விட்டுவிட்டு, அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகத் திரும்பிப் பார்க்காமல் இரை தேடிப் போனாள்.

பயத்தில் இறுக்கிப் பிடிக்கிற கை யாரையும் காப்பதில்லை; மூச்சு விட இடம் கொடுக்கிற அன்புதான் கூடவே வளர்ந்து காக்கும்.