வைக்கோல் பிரி கட்டிய ஆசனம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கழுநீர் நாட்டைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். தோன்றிய நேரத்தில் தோன்றிய சட்டம் போடுவார். அப்படிப் போட்டதுதான் இதுவும்: விற்கிற சொத்தில் அடையாளமாக, வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரி கட்ட வேண்டும், தரகர் பதில் சொல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் மொட்டை!

அரண்மனைத் தரகர் அனந்தகிரியாருக்கு மந்திரி சொக்கேசரைக் கண்டால் வயிறு எரியும். மந்திரி வாசலில் எப்போதும் கூட்டம். நாலு பேர் காத்துக் கிடந்தால்தான் பெரிய மனுஷன் என்று தரகர் நினைத்துக்கொண்டார், பாவம். தேடி வருகிற யாருக்கும் பதிலே சொல்லமாட்டார்.

கோயிலுக்குப் பூக்கட்டும் பவளாயிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. சத்திரத் தெருவில் பிரி தொங்கிய இரண்டு கடைகளை வாங்கி வாடகைக்கு விட்டால், பார்வை போன பிறகும் தன் கஞ்சியைத் தானே குடிக்கலாம். ஒன்பது தடவை தரகர் வீட்டுக்கு நடந்தாள். "ஐயா பூஜையில இருக்கார்" என்பான் காவல்காரன். ஐயாவோ உள்ளே ஊஞ்சலாடிக்கொண்டிருப்பார்.

பவளாயி மந்திரியிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் சபையில் அனந்தகிரியாரின் ஆசனத்தில் வைக்கோல் பிரி!

"இதென்ன கூத்து?" என்று கத்தினார் அனந்தகிரியார்.

"விற்பனைக்குப் போலிருக்கே!" என்று ராஜா கைதட்டினார். "தரகர் யார்?"

"அடியேன்தான்" என்றார் சொக்கேசர். "வீட்டுக்கு வந்து கேட்டால் பதில் சொல்கிறேன்."

அனந்தகிரியார் போனார். "மந்திரி பூஜையில இருக்கார்." மறுபடி போனார். "சாப்பிடுறார்." மூன்று நாள் சபையில் நின்றே கிடந்தார். "தரகரே, ஆசனம் கிழக்குப் பார்த்ததா?" என்று ஆளாளுக்குக் கேலி.

நாலாம் நாள் மந்திரி வாசலில் பவளாயி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் நிற்பவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நிழலுக்கு வா தம்பி. பெரியவங்க வாசல் இப்படித்தான். தரகர் ஐயா வீட்டுல ஒன்பது தடவை நின்னிருக்கேன்."

அனந்தகிரியார் நிழலில் ஒதுங்கிக் கேட்டார்: "அவரைச் சபிச்சிருப்பீங்களே?"

"ஐயையோ! ஓயாம பூஜையில இருக்காராமே, என்ன கஷ்டமோன்னு அவர் பேருக்கும் சாமிக்கு ஒரு முழம் சாத்தினேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. வந்த வழியே திரும்பிச் சபைக்கு ஓடினார்.

"ராஜாவே, நான் பூஜையில் இருந்ததே இல்லை. ஊஞ்சலில் இருந்தேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது தலை நிமிரவில்லை. ராஜா சிரிக்க வாயெடுத்தவர், அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மந்திரி பிரியை அவிழ்த்தார். அனந்தகிரியார் உட்காரவில்லை. நேரே சத்திரத் தெருவுக்குப் போய்ப் பிரியை அவிழ்த்து, கிரயம் முடித்து, சாவியைப் பவளாயி கையில் வைத்தார்.

"எடுத்துக்குங்கம்மா."

குரலைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. "மந்திரி வாசல்ல நின்ன தம்பிதானே? உனக்குப் பதில் கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுதம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

அதற்கப்புறம் அனந்தகிரியார் வாசலில் யாரும் இரண்டாம் முறை குரல் கொடுக்க வேண்டி வந்ததே இல்லை.