சேரன்மாதேவி தாண்டாத பாட்டு

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்து நான்கு.

பாளையங்கோட்டையில் பாட்டுச் சொல்லித்தரும் பியூலா டீச்சரின் வீட்டுக்குக் காலை வகுப்புக்கு வருகிறவர்களில் மீசை நரைத்தவர் சங்கரபாண்டியன் ஒருவர்தான். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுவார். டீச்சர் தப்பைச் சொன்னால் பிள்ளைகளைப் போலவே தலையைச் சொறிவார்.

பாடத் தெரியாதவர் அல்ல. முப்பத்தோரு வருடம் கோயில் கொடை விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் மெல்லிசைக் குழுவில் பாடியவர். சினிமாப் பாடகர்கள் ஏழு பேரின் குரல் அவர் தொண்டையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அசல் என்று சொல்ல முடியாது. ஒரு லேப்டாப்பும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் பத்துப் பேர் செய்த வேலையைச் செய்ய ஆரம்பித்ததும் குழு கலைந்தது. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. வீட்டில் சும்மா இருந்தபோது வேறொன்றுதான் உறைத்தது. தன் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

அதோடுதான் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

"என் குரல்ல பாடணும் டீச்சர். அது எங்க இருக்குன்னுதான் தெரியல."

டீச்சர் அவரை வாசலுக்கு அழைத்துப்போனார். தெருவின் எதிர்ப்பக்கம் ஓர் இளநீர் வண்டி நின்றது.

"ரெண்டு இளநி வேணும்னு இங்கன நின்னே சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தார்.

"இந்தக் குரல்தான்," என்றார் டீச்சர். "இதுல பாடுங்க."

இரண்டு வருடம் அதில் பாடினார். மூன்றாம் வருடம் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினார். பொதிகை மலையில் இறங்கும் தாமிரபரணி ஊர் ஊராகக் கடந்து கடலுக்குப் போகிற பாட்டு. ஏழு நிமிடம் நாற்பது விநாடி.

*மலையில பொறந்த தண்ணி மெல்ல மெல்ல நடந்து வா*
*பாபநாசப் படித்துறையில் காலைத் தொட்டுக் கடந்து வா*

பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, செல்போனில் பதிவு செய்தார். எதிரொலி வராமல் இருக்க அதுதான் வழி என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். அவர் மனைவி அரை மணி நேரம் துண்டு எடுக்க முடியாமல் வெளியே நின்றார். மறுநாள் சங்கரபாண்டியன் அந்தப் பாட்டைத் தானே இணையத்தில் ஏற்றினார்.

அந்த வாரம் அவர் தெருவில் நடந்த நடையே வேறு. ஒரு காலத்தில் ஒரு கேசட் போடுவதற்கு எத்தனை வாசலில் எத்தனை நாள் காத்திருந்தார். இப்போது சேலைக்குள் தலையை விட்டுப் பாடிய பாட்டைத் தோஹாவில்கூடக் கேட்கலாம். முதல் நாள் பதினொரு பேர். ஆறு மாதத்தில் தினம் நூற்று இருபது, நூற்று முப்பது பேர். பால்காரரிடம்கூடச் சொன்னார்.

பிறகு ஒருநாள் பாட்டை ஏற்றிய இணையப் பக்கத்தில் இருந்த ஒரு கோட்டைப் பார்த்தார். எத்தனை பேர் எதுவரை கேட்டார்கள் என்று காட்டும் கோடு. நான்கு நிமிடம் வரை சமதரையாகப் போய், அப்படியே கிணற்றுக்குள் விழுந்தது. ஏழாவது நிமிடத்தில் ஒருவரும் இல்லை.

கடைசிச் சரணம் ஏழாவது நிமிடத்தில்தான் வருகிறது. ஆறு கடலில் சேரும் இடம். குரலை மேலே கொண்டுபோய் நிறுத்த நாற்பது நாள் உழைத்த இடம். அதை இந்த உலகத்தில் யாரும் கேட்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஓர் இசை நிறுவனத்தார் பேசினார்கள். கிஷோர் என்ற இளைஞர்.

"சார், குரல் சூப்பர். ஆனா நீளம். கடைசிச் சரணத்தை முதல்ல கொண்டு வந்துடலாம். கீழ பீட் போடலாம். ரெண்டரை நிமிஷம். நாங்க எடுத்துட்டுப் போய் லட்சம் பேர்கிட்ட சேர்க்கிறோம். ஒண்ணே ஒண்ணு, பழைய நீளமான பாட்டை நீங்க நெட்லேருந்து எடுத்துடணும். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் கூப்பிடறேன், முடிவு சொல்லுங்க."

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் சங்கரபாண்டியன் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

எல்லாவற்றையும் சொன்னார். போனையும் காட்டினார். கோட்டைக் காட்டும்போது ஸ்கேன் படத்தை டாக்டரிடம் நீட்டுகிறவர்போல இருந்தது அவர் முகம்.

"லட்சம் பேரு வேண்டாம் டீச்சர். ஒரு ஆளாவது கடைசி வரைக்கும் கேக்கணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

டீச்சர் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தருமே கேக்கல போல."

"அதான் கொடுமை. லீவு நாள்லகூட என் பாட்டுக்கு ஆள் இல்ல."

"மத்த நாள் எல்லாம் மதியம் ஒண்ணரைக்குத்தான் கேக்காங்க."

"ஆமா. கேட்டுட்டுப் பாதியில போயிருதாங்க."

"மறுநாள் திரும்பி வாராங்களே."

சங்கரபாண்டியன் அதை யோசித்ததில்லை.

"நாளைக்கு ஒண்ணே காலுக்கு வாங்க," என்றார் டீச்சர். "போன்ல மணி அடிக்காம வச்சிக்கிடுங்க."

வெள்ளிக்கிழமை டீச்சர் அவரை இரண்டு தெரு தள்ளியிருந்த அங்கன்வாடிக்கு அழைத்துப்போனார். டீச்சரின் மூன்று வயது மகன் ஜோயல் அங்கேதான் போகிறான். வாசலில் இருபது ஜோடிச் சின்னச் செருப்புகள் கிடந்தன. ஒன்றுகூட ஜோடியாக இல்லை.

உள்ளே சாப்பாடு முடிந்து பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகள் படுத்திருந்தார்களே தவிர ஒன்றும் தூங்கவில்லை. ஒருவன் பாயில் உருண்டு அடுத்தவன் மேல் ஏறினான். ஒருத்தி கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். ஜோயல் அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான். அவன் வேலை பக்கத்துப் பையனின் காலைக் கடிப்பது.

அங்கன்வாடியை நடத்தும் இசக்கியம்மாள் சங்கரபாண்டியனை யாரென்று கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு, வாயில் விரல் வைத்து, செல்போனை எடுத்து ஜன்னல் மேல் வைத்தார்.

*மலையில பொறந்த தண்ணி மெல்ல மெல்ல நடந்து வா...*

சங்கரபாண்டியன் நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு பாபநாசத்துக்கு வந்தபோது உருண்டவன் நின்றான். அம்பாசமுத்திரத்தில் ஜோயலின் வாயிலிருந்து கால் விடுபட்டது. கல்லிடைக்குறிச்சி வந்தபோது காற்றாடியைத் திட்டியவளின் கை நெஞ்சில் வந்து விழுந்தது. ஒவ்வொரு மூச்சாக நீண்டது. அந்த அறைக்குள் யாரோ மெதுவாகத் திரைச்சீலையை இழுத்துக்கொண்டே போவதுபோல இருந்தது அவருக்கு.

ஆறு சேரன்மாதேவிக்கு வந்தது. இசக்கியம்மாள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"கடைசிச் சரணம் இருக்கே," என்றார் சங்கரபாண்டியன். தன்னை அறியாமல் வந்துவிட்டது.

இசக்கியம்மாள் பதறிப்போய்க் கிட்டே வந்து கிசுகிசுத்தார். "அதைப் போட்டா அம்புட்டுத்தான். அந்த ஆளு கடைசியில ஒரே தூக்கா மேல தூக்கிருவாரு. ஒருநா தெரியாம விட்டுட்டேன், இருவதும் எந்திரிச்சி உக்காந்துட்டு. எங்க பிள்ளைக சேரன்மாதேவியத் தாண்டுனதே இல்ல."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"வேற மையத்துலயும் போடுதீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க அங்கன்வாடி வாட்ஸ்அப் குரூப்புல நான்தான் அனுப்புனேன். நூத்துச் சொச்சம் மையம். எல்லாத்துலயும் இப்ப இதான் ஓடுது. வள்ளியூர்ல என் மதினி இருக்கா, அவ பிள்ளைக அம்பாசமுத்திரத்துலயே கவுந்துருதாம். எங்களத விட நல்ல பிள்ளைக."

சங்கரபாண்டியன் தன் போனை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். இப்போது கேட்பவர்கள் என்று ஓர் எண் அதில் ஓடும். தொண்ணூற்று இரண்டு என்று நின்றது. அவர் பார்க்கப் பார்க்க எண்பது ஆனது. அறுபத்தெட்டு ஆனது.

ஆறு மாதமாக அந்த எண் விழுவதை இதே போனில் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்று குறையும்போதும் ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகத்தான் நினைத்தார்.

நாற்பத்து மூன்று. எங்கோ ஓர் அறையில் இன்னோர் அம்மாள் கையை நீட்டி நிறுத்துகிறார். முப்பது. பாய்களுக்கு நடுவே கால் வைத்து ஒருவர் ஜன்னலைச் சாத்தப் போகிறார். பன்னிரண்டு. ஐந்து.

ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றது.

"போதும், தூங்கிருங்கடே," என்றார் சங்கரபாண்டியன், எந்த ஊர் என்று தெரியாத அந்தப் பிள்ளைகளிடம்.

பூஜ்யம் வந்தது. அவர் வாழ்க்கையில் எந்தக் கைதட்டலுக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு பாய் அசைந்தது. நாலு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"மகிழினி," என்று தலையில் அடித்துக்கொண்டார் இசக்கியம்மாள். "இவ ஒருத்தி. எதுக்கும் மசிய மாட்டா."

அழுதாள் என்றால் எல்லாம் கெட்டது. சங்கரபாண்டியன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். டீச்சர் பின்னால் வந்து கதவை ஒருக்களித்தார்.

குழந்தை அவர் மீசையைப் பிடித்துப் பார்த்தது. நிஜம்தானா என்று இழுத்தும் பார்த்தது.

"அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்றது.

"எந்தத் தண்ணி?"

"பாட்டுத் தண்ணி. சேரன்மாதேவி வந்துச்சு. பொறவு எங்க போச்சு?"

சங்கரபாண்டியன் அவளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பாட ஆரம்பித்தார். திருநெல்வேலி வந்தது. ஸ்ரீவைகுண்டம் வந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் பத்தொன்பது பேர் தூங்குகிறார்கள். மேலே போக வேண்டிய இடத்தில் அவர் போகவில்லை. குழந்தையின் காதுக்கு எட்டும் அளவுக்குக் கீழேயே வைத்துப் பாடினார்.

*புன்னக்காயல் வந்தாச்சு, போதும் நீயி நடந்தது*
*அம்மா மடிபோல கடலு ஆத்த வாங்கிக் கொள்ளுது*

நாற்பது நாள் உழைத்தபோது அந்தச் சரணம் இப்படியும் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

குழந்தை யோசித்தது.

"பொறவு?"

"பொறவு ஒண்ணும் இல்ல. கடல்ல கெடக்கும்."

"இன்னொருக்கப் பாடு."

பாடினார். மூன்றாம் தடவையும் பாடினார். அவள் தலை அவர் கழுத்துப்பக்கம் சாய்ந்தது. மீசையை மட்டும் விடவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சங்கரபாண்டியன் ஒரு கையால் எடுத்துப் பார்த்தார். கிஷோர். மணி சரியாக இரண்டு.

குழந்தையின் முகத்தைப் பார்த்தார். ஒருக்களித்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"கம்பெனிக்காரர் டீச்சர். இந்தப் பாட்டை எடுக்கணும்பாரு. என்ன சொல்ல?"

பியூலா டீச்சர் மகிழினியின் பாவாடையைக் கால்வரை இழுத்துவிட்டார்.

"என்ன சொன்னாலும் மெதுவாச் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைக தூங்குது."