அருவிக்கரையில் ஆறிப்போன சுக்குநீர்

முன்னொரு காலத்தில், சாரலுக்குப் பேர்போன ஒரு மலைநாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று நம்பும் பெரிய மனசு அவருக்கு.

அவர் சபையில் பூதலராயர் என்றொரு பிரபு. அமைச்சர் நன்னையரைக் கண்டாலே ராயருக்கு வயிறு எரியும். வெளியூர்க்காரர்கள் மலையருவியில் குளிக்க வருவதும், அருவியூர்க்காரர்கள் அவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, சுடச்சுடச் சுக்குநீர் கொடுத்து, மலைக்கதை சொல்லிப் பிழைப்பதும் நன்னையரின் யோசனை. அது போதாதா எரிவதற்கு?

"மகாராஜா, அருவி தங்களுடையது. அழுக்கு வேட்டியும் எண்ணெய்ச் சட்டியுமாக நின்று இவர்கள் அழகைக் கெடுக்கிறார்கள். விரட்டிவிட்டு அரண்மனை ஆட்களை நிறுத்துவோம்" என்றார் ராயர்.

ராஜா தலையாட்டினார். அருவியூரே வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டது.

நன்னையர் எதிர்க்கவில்லை. "ராயர் ஏற்பாட்டை வழிப்போக்கர் வேடத்தில் போய் அனுபவிப்போமே. நாம் யாரென்று மட்டும் ராயர் சொல்லக் கூடாது" என்றார். தன் பெருமை அரங்கேறப் போகிறதென்று ராயருக்குத் தலைகால் புரியவில்லை.

மூவரும் வேடமிட்டுப் போனார்கள். ராஜா குளித்துக் கரையேறியபோது பல் கிடுகிடுத்தது. சுக்குநீர் கேட்டார்.

"ருசிபார்க்கிறவர் முதல்ல குடிக்கணும். அப்புறம் முத்திரை வைக்கணும். முத்திரை அதிகாரி சாப்பிடப் போயிருக்கார்" என்றான் சேவகன்.

எல்லாம் அரண்மனை வழக்கம். ராயர்தான் ஒன்றுவிடாமல் கொண்டுவந்திருந்தார். அதிகாரி வந்து சேர்வதற்குள் சுக்குநீர் பச்சைத்தண்ணீராகிவிட்டது.

காவல் கயிற்றுக்கு அப்பால் பேராச்சி என்ற அருவியூர்க்காரி ஆவி பறக்கும் பானையோடு நின்றாள். நன்னையர் சொல்லியனுப்பியிருந்தார்.

"கொஞ்சம் கொடு தாயே" என்றார் ராஜா.

"குடுக்கலாம் ஐயா. கயித்தைத் தாண்டக் கூடாதாமே. நாங்க நின்னா அழகு கெட்டுப்போகுதாம்."

ராஜா ராயரைப் பார்த்தார். ராயர் அருவியைப் பார்த்தார். ராஜாவே கயிற்றைத் தாண்டினார்.

அவள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்ததும், பிறந்ததிலிருந்து எதையும் சூடாகக் குடித்தறியாத மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "தலையைத் துவட்டுங்க, சளி பிடிக்கும்" என்று அதட்டினாள் பேராச்சி. அவரை அதட்ட அதுவரை ஒருவரும் துணிந்ததில்லை. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

"இதற்காகவா இவ்வளவு பேர் வருகிறார்கள்?"

"அருவி எல்லா மலையிலும்தான் விழுகிறது, மகாராஜா" என்றார் நன்னையர்.

தன் மோதிரத்தைக் கழற்றி நன்னையர் கையில் போட்டார் ராஜா. ஊரார் திரும்பி வந்தார்கள். ராயர் ஒரு வருஷம் பேராச்சி சொன்னபடி கேட்டு, வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அடுத்த சாரல் காலத்தில், எண்ணெய் படிந்த வேட்டியோடு ராயர் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, கரையில் இரண்டு காவலர்கள் இன்னும் ஈட்டியோடு நிற்கிறார்கள். ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். எங்கள் பிழைப்பு கெடுகிறது."

ராஜா நன்னையரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவ்வளவுதானா ராயரே?"

ராயர் தலையைச் சொறிந்தார்.

"அழகும் கெடுகிறது, மகாராஜா."