சுருண்ட தாயும் ஏறிய கடலும்

ஒரு முள்காட்டில் அழுங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில், நீள நாக்கு, எறும்புதான் சோறு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் மிளகு. அப்பன் எங்கே என்று கேட்காதீர்கள். அழுங்குக் குலத்தில் அப்பன் வருவான், போவான். வளர்ப்பது தாய்தான்.

அவளுக்குப் பல் கிடையாது. ஓடவும் பெரிதாக வராது. தெரிந்தது ஒரே வித்தை. ஆபத்து என்றால் குட்டியை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவாள். சிறுத்தை வந்து உருட்டிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், பல் நொந்து போய்விடும். அவளுடைய தாயும் அவளை இப்படித்தான் காப்பாற்றினாள்.

நல்ல வித்தைதான். யார் இல்லை என்றது? ஆனால் ஒற்றை ஆளாய்ப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு எதைக் கண்டாலும் பயம். சருகு விழுந்தால் சுருள்வாள். குரங்கு தும்மினால் சுருள்வாள். மிளகு பாதி நாள் இருட்டிலேயே கிடந்தது.

கோடை வந்தது. புற்றெல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது. குளம் வற்றியது. பறந்து போன நாரை ஒன்று சொல்லிவிட்டுப் போனது. "கிழக்க மூணு நாள் நடந்தா கடல். காத்து சிலுசிலுன்னு இருக்கும். தாழம்புதர் அடியில எறும்புக்கும் பஞ்சமில்ல."

மிளகு பிடித்துக்கொண்டது.

"அம்மா, கடல் எப்படி இருக்கும்?"

"தண்ணியா இருக்கும்."

"எவ்வளவு தண்ணி?"

"எனக்கென்னடா தெரியும்?"

"அப்ப போய்ப் பார்ப்போமா?"

காலையில் கேட்டது. மத்தியானம் கேட்டது. தூக்கத்திலும் கேட்டது. சரி என்றாள். வேறென்ன செய்வாள்?

மிளகை வால்மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்துப் பொந்து நரியம்மா வழிமறித்தாள்.

"எங்க பயணம்?"

"கடலுக்கு."

"ஆம்பளைத் துணை இல்லாமலா? அதுவும் கைக்குழந்தையோட!"

"உன் வீட்டு ஆம்பளை இந்தக் கோடைக்கு உன்னை எங்க கூட்டிட்டுப் போனாரு?"

நரியம்மா வழி விட்டாள்.

மூன்று நாள் நடந்தார்கள். தாழம்புதரைத் தாண்டினால் கடல். அந்த நேரம் பார்த்து ஓர் அலை தொம்மென்று விழுந்தது. அழுங்கம்மா சுருண்டுவிட்டாள்.

"அம்மா, கடல் வந்திடுச்சா?" உள்ளேயிருந்து குரல்.

"வந்தாச்சு."

"எங்க இருக்கு?"

"வெளியில."

"நான் உள்ள இருக்கேனே."

அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பருந்தின் நிழல் மணலில் ஓடியது. சுருண்டாள். அதற்கும் மறுநாள் வலை காயும் இடத்திலிருந்து ஒரு நாய் வந்தது. மோந்தது, பிராண்டியது, சலித்துப்போய்த் திரும்பியது. "பார்த்தியா? தப்பிச்சோம்" என்றாள் பெருமையாக.

"நான் எதையும் பார்க்கலம்மா" என்றது மிளகு.

ஒரு நண்டு தன் வளை வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. அதற்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, இவ்வளவு தூரம் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது உங்க வயித்தைக் காட்டவா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "தனியா ஒரு பிள்ளையை வளர்த்துப் பாரு. அப்புறம் பேசு."

"ஆயிரம் முட்டை விட்டவ நான். ஒண்ணுகூட என்னைத் திரும்பிப் பார்க்கல. வளர்க்கத் தெரியாதுதான். ஆனா கடலைத் தெரியும். நாளைக்கு அமாவாசை. தண்ணி மேடு வரைக்கும் ஏறும். ஈர மணல்ல இறங்கிடாதீங்க."

அழுங்கம்மா காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. சிறுத்தைக்கே அசையாத செதில். தண்ணீர் என்ன செய்துவிடும்?

மறுநாள் ஊர் திரும்பும் நாள். மிளகின் முகம் தொங்கிப்போயிருந்தது. கடலுக்கு வந்தும் கடலைப் பார்க்காத பிள்ளை. அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. சாயங்காலம், "வா, ஒரு தடவை காலை நனைச்சுட்டுப் போகலாம்" என்று ஈர மணலுக்குக் கூட்டிப் போனாள். நுரை வந்து மிளகின் கால்களைத் தொட்டது. அது சிரித்தது. இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கடலைப் பார்க்கவில்லை. பெரிய அலை எழுந்துவிட்டது.

என்ன செய்தாள்? குட்டியை இழுத்தாள், சுருண்டாள்.

அலை பந்தைத் தூக்கியது, உருட்டியது, உள்ளே இழுத்தது. மேட்டில் நின்று நண்டு கத்தியது. "விரிங்கக்கா, ஓடுங்க!"

அவள் இன்னும் இறுக்கினாள். இறுக்க இறுக்கச் செதில் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சிறுத்தை நுழைய முடியாத இடத்தில் தண்ணீர் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. வயிற்றில் சின்னக் கால்கள் உதைத்தன. "அம்மா, வாயில தண்ணி" என்றது மிளகு. பிறகு பேச்சில்லை. உதை மட்டும் இருந்தது. அதுவும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆபத்து முன்னால் நிற்கும்போது எந்த அழுங்கும் விரிந்ததில்லை. தாய் சொல்லித் தரவில்லை. தாயின் தாயும் சொல்லித் தரவில்லை. உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது.

அவள் விரிந்தாள்.

குட்டியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். மிளகு இருமியது, கக்கியது, மூச்சு வாங்கியது. அவள் கண்ணிலோ ஒரே உப்பு. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"எங்கடா மேடு? எனக்குக் கண் தெரியல."

மிளகு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "சோத்துக்கைப் பக்கம்மா. இன்னும் கொஞ்சம் திரும்பு. ஆங், அதுதான். நண்டு தெரியுது."

புற்றைப் பிளக்கும் நகம் அவளுக்கு. அதை மணலில் ஊன்றினாள். அலை இழுத்தபோது நின்றாள். விட்டபோது நடந்தாள். பிள்ளை சொன்ன திசையில் தட்டுத்தடுமாறி மேடேறி விழுந்தாள்.

"பிள்ளை?" என்றது நண்டு.

"பெருசா இருக்கு" என்றது மிளகு, கடலைப் பார்த்தபடி. "அம்மா, நீ சொன்னதைவிடப் பெருசா இருக்கு."

அவர்கள் உடனே கிளம்பவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்தார்கள். அழுங்கம்மா காய்ந்த மணலில் உட்கார்ந்தாள். மிளகு தனியாக ஈர மணல் ஓரம் வரை போனது. அலை தொம்மென்று விழுந்தது. அவள் முதுகு தானாக வளைந்தது. பழகிய முதுகு, சொன்னால் கேட்குமா? பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அலை வருவதை மிளகே பார்த்தது, தானே திரும்பி ஓடிவந்தது, மறுபடியும் போனது.

எல்லா ஆபத்துக்கும் ஒரே கவசம் போதுமென்று பிள்ளையைப் பொத்தி வைக்கிறவர்கள், சில நேரம் ஆபத்தையும் சேர்த்தே உள்ளே வைத்துப் பொத்திவிடுகிறார்கள்.